ரசீதுப் பைக்கு முன்னால் பாஸ்புக்

கேள்வி: சேலத்தில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அப்பா காலமான பிறகு ஏற்காட்டில் இருக்கும் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் என் பெயருக்கு வந்திருக்கிறது. அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசி வாரத்தில்தான் தாள்களைத் தேடி அலைகிறேன். இந்த முறையாவது வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்ய என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்? தோட்ட வருமானத்தைக் காட்டியாக வேண்டுமா?

பதில்:

வருமான வரி என்றதும் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது எல்.ஐ.சி. ரசீதை. ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருபவர்களின் கையில் நகைக்கடைப் பை ஒன்று இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவக் காப்பீட்டு பாலிசி, கோயில் நன்கொடைச் சீட்டு என்று பணம் போன வழிக்கெல்லாம் அதில் சான்று இருக்கும். பணம் வந்த வழியைக் கேளுங்கள், "கம்பெனியில் கொடுத்த படிவம் 16 இருக்கிறதே" என்று சம்பள, வரிப்பிடித்தச் சான்றிதழைக் காட்டுவதோடு பேச்சு நின்றுவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்கு எவ்வளவு வட்டி வந்தது, பங்கு விற்றதில் லாபமா நட்டமா என்றால் விழிப்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றில் நெடுநாளாகக் கணக்குப் பார்த்து வருகிறேன். என் கண்ணில் பட்ட நோட்டீஸ்களில் பெரும்பாலானவை விட்டுப்போன ரசீதால் வந்தவை அல்ல, விட்டுப்போன வரவால் வந்தவை.

ஆகவே ரசீதுப் பையை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். முதலில் பாஸ்புக்கை எடுங்கள்.

உங்கள் பெயரில் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை பதிவு போட்டு வாங்குங்கள். பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு, அப்பாவோடு கூட்டாக வைத்திருந்த கணக்கு, அஞ்சலகக் கணக்கு எதையும் விட வேண்டாம். பிறகு ஒரு பென்சிலோடு உட்கார்ந்து வரவுப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒவ்வொரு வரவின் ஓரத்திலும் அது என்ன என்று ஒரு சொல் எழுதுங்கள்: சம்பளம், வட்டி, காப்பி, மிளகு, டிவிடெண்ட், கைமாற்று. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதக் கடைசிகளை ஒட்டி 412 ரூபாய், 388 ரூபாய் என்று சின்னச் சின்னத் தொகைகள் விழுந்திருக்கும். அது சேமிப்புக் கணக்கின் வட்டி. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதுவும் வருமானம்தான். மைத்துனர் திருப்பிக் கொடுத்த 40,000 ரூபாய் வருமானம் ஆகாது, இருந்தாலும் பெயர் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால் உங்களுக்கே நினைவிருக்காது. என்ன யோசித்தும் விளங்காத வரவு இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்டவற்றுக்கு விடை தேடுவதுதான் உங்கள் உண்மையான வேலை. மற்றதெல்லாம் எழுத்து வேலை.

பாஸ்புக்கில் தெரியாத வரவும் உண்டு. ஐந்தாண்டுக்குப் போட்டு முதிர்வில் மொத்தமாக வாங்கும் டெபாசிட்டுக்கு ஆண்டுதோறும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது, ஆனால் வங்கி அந்த ஆண்டுக்கான வட்டியை வரித் துறைக்குச் சொல்லிவிடும், வரம்பைத் தாண்டினால் டி.டி.எஸ். எனும் முன்கூட்டிய வரியைப் பிடித்துக் கட்டியும் இருக்கும். அதனால் ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். டி.டி.எஸ். பத்து சதவீதம் பிடித்தாயிற்று, அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். நீங்கள் இருபது சதவீத அடுக்கில் இருந்தால் மீதிப் பத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கூட்டுறவுக் கடன் சங்க டெபாசிட்டில் கதை நேர்மாறு. சங்கம் தன் உறுப்பினருக்குக் கொடுக்கும் வட்டியில் பொதுவாக டி.டி.எஸ். பிடிக்கத் தேவையில்லை. அதனால் அந்த வட்டி அரசின் பட்டியலில் தலைகாட்டாமலே போகலாம். தலைகாட்டவில்லை என்பதற்காக அது வரியில்லா வருமானம் ஆகிவிடாது. ஆசிரியர்கள் பலருக்குச் சங்கத்தில் டெபாசிட் இருக்கும் என்பதால் உங்கள் மனைவியிடம் இதைக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அவர் பெயரில் இருக்கும் வைப்புத் தொகைக்குப் பணம் யாருடையது? உங்கள் சம்பளத்தை எடுத்து மனைவி பெயரில் போட்டிருந்தால் அதன் வட்டி உங்கள் கணக்கில்தான் சேரும். அவர் தம் சம்பளத்தில் போட்டிருந்தால் அவருடையது.

இவ்வளவும் முடிந்த பிறகு வருமான வரித் துறையின் இணையதளத்தில் இரண்டு ஆவணங்களை இறக்குங்கள். ஒன்று 26ஏ.எஸ்.; உங்கள் பெயரில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில் இருக்கும். மற்றது ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நில விற்பனை, சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டிய ரொக்கம் என்று துறைக்குத் தெரிந்ததெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஏ.ஐ.எஸ். கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், ஆண்டைச் சேர்த்தது. இதில் தடுக்கி நின்று பாதியில் விடுபவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் பென்சிலால் எழுதியதையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். துறையின் பட்டியலில் உள்ளது உங்களிடம் இல்லை, உங்களிடம் உள்ளது துறையின் பட்டியலில் இல்லை என இரு வகை வேறுபாடு வரும். முதல் வகையில் உங்களுடையதே அல்லாத பதிவும் இருக்கலாம், ஒரே வட்டி இரண்டு முறை ஏறியும் இருக்கலாம். அப்படியானால் அந்த இணையதளத்திலேயே அந்தப் பதிவைத் திறந்து 'தகவல் சரியில்லை' என்று மறுப்பைப் பதிவு செய்யும் வசதி உண்டு. வாய்மூடி அதை விட்டுவிட்டுக் கணக்கில் குறைத்துக் காட்டினால் பிறகு கேள்வி வரும்.

இதை எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களிலேயே தாக்கல் செய்துவிட வேண்டும் என்று துடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டி.டி.எஸ். கணக்கை நிறுவனங்கள் கொடுக்க மே 31 வரை அவகாசம் உண்டு. படிவம் 16 உங்கள் கைக்கு வர வேண்டிய கெடு ஜூன் 15. அதற்கு முன் இறக்கும் 26ஏ.எஸ். அரைகுறையாகத்தான் இருக்கும். பாஸ்புக் வேலையை ஏப்ரலில் முடியுங்கள், ஒப்பிடும் வேலையை ஜூன் 20-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஜூலை முதல் பத்து நாளுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கெடு ஜூலை 31. 2025-இல் அதைச் செப்டம்பர் வரை நீட்டித்தார்கள் என்று இந்த ஆண்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கெடு தாண்டினால் ஐந்தாயிரம் ரூபாய் தாமதக் கட்டணம், மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆயிரம். ரசீது காட்டி வருமானத்தில் கழிவு பெறும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கெடுவோடு போய்விடும்.

பழைய முறையா புதிய முறையா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரசீதுப் பையின் தலைவிதி அதில்தான் இருக்கிறது. 2025-26-க்குப் புதிய முறையில் நான்கு லட்சம் வரை வரியில்லை. பிறகு ஒவ்வொரு நான்கு லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல் 30. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. அது போக வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் தள்ளுபடி போக வரியே வராது. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி கிடையாது. ஆண்டுச் சம்பளம் 14,75,000 என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக 14 லட்சம், வரி 90,000. இதே 90,000-க்குப் பழைய முறையில் இறங்கி வர, 50,000 நிலையான கழிவு போக இன்னும் 5,37,500 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். காப்பீடு, சேமிப்புக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாவற்றையும் முழுதாகப் போட்டாலும் 4,25,000-தான் வருகிறது. மீதியை வீட்டு வாடகைப் படியில் ஈடுகட்டலாம் என்றால் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அது கிடையாது. சேலத்து வாடகையில், அஸ்தம்பட்டியிலோ அழகாபுரத்திலோ குடியிருந்தாலும், பழைய முறை லாபமாக முடிவதை அரிதாகவே பார்க்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, புதிய முறைதான் என்று முடிவானால் அந்தப் பையில் உள்ள தாள்களில் பெரும்பகுதிக்கு இந்த வேலையில் இடமே இல்லை. பழைய முறை என்றால் ரசீதின் தொகை மட்டும் போதாது: பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண் என்று விவரமாகக் கேட்கிறார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உங்கள் நிறுவனமும் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்கும்.

இனி தோட்டம். "விவசாய வருமானத்துக்கு வரியில்லையே, எதற்குக் காட்ட வேண்டும்?" என்பது மலையில் காலங்காலமாக இருக்கும் கேள்வி. வரியில்லை என்பது உண்மை. காட்ட வேண்டும் என்பதும் உண்மை. விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தையும் சேர்த்துத்தான் வரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன 14 லட்சத்தோடு தோட்டத்தில் செலவு போக மூன்று லட்சம் வருகிறது என்று வையுங்கள். 17 லட்சத்துக்கு வரி 1,40,000. அதிலிருந்து, விவசாய வருமானம் மூன்றும் விலக்கு வரம்பு நான்கும் சேர்ந்த ஏழு லட்சத்துக்கான வரி 15,000-ஐக் கழிப்பார்கள். மீதி 1,25,000. தோட்டம் இல்லாவிட்டால் 90,000. ஆக, வரியில்லாத காப்பி உங்கள் சம்பளத்தின் வரியை 35,000 ரூபாய் கூட்டிவிடுகிறது, அந்த வரியின் மேல் கட்டும் செஸ் தனி. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'சகஜ்' என்ற ஐ.டி.ஆர்-1 படிவத்தில் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 5,000-க்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர் அந்தப் படிவத்தைத் தொடக்கூடாது. உங்களுக்கு ஐ.டி.ஆர்-2.

காப்பிக்கு இன்னொரு வளைவும் உண்டு. பறித்த பழத்தை அப்படியேவோ, களத்தில் காயவைத்துச் செர்ரியாகவோ வியாபாரிக்கு விற்றால் முழுத் தொகையும் விவசாய வருமானம். நீங்களே கியூரிங் செய்து, அதாவது ஓடு நீக்கிப் பதப்படுத்தி, கொட்டையாக விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம் என்கிறது விதி. வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு விற்றால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், 40 சதவீதம். மலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்குத் 'தோட்டத்துக் காப்பித்தூள்' விற்கும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான், ஆனால் அந்த நிமிடமே நீங்கள் ஐ.டி.ஆர்-2-ஐ விட்டு வியாபாரப் படிவத்துக்கு மாறுகிறீர்கள் என்பது தெரிந்திருக்கட்டும். தோட்ட வீட்டில் அறை வாடகைக்கு விடுவது விவசாயமே அல்ல. காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்தாலும் அறை வாடகை அறை வாடகைதான்.

தோட்டத்துக்கு என்று ஒரு நீள நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் விற்பனை: தேதி, செர்ரியா பழமா மிளகா, எத்தனை கிலோ, என்ன விலை, யாருக்கு, ரொக்கமா வங்கி வழியா. வியாபாரி கொடுக்கும் எடைச் சீட்டைப் பின் அடித்து அந்தப் பக்கத்திலேயே சேருங்கள். வலப்பக்கம் செலவு: பழம் பறித்த கூலி, களை, உரம், நிழல்மரக் கவாத்து, மேலிருந்து கீழே கொண்டுவரும் வண்டி வாடகை. பறிப்புக் கூலியை வாராவாரம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி எழுதி வைக்கும் பழக்கம் உங்கள் அப்பாவுக்கு இருந்திருக்கலாம். அந்த நோட்டு கிடைத்தால் அதையே தொடருங்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரொக்கத்தில் ஒரு எச்சரிக்கை: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது. அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. வியாபாரி கட்டாக நீட்டினாலும் வங்கியில் போடச் சொல்லுங்கள். தோட்டப் பணம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில் விழும்படி செய்துவிட்டால் ஏப்ரலில் பென்சில் வேலை பாதியாகக் குறையும். பட்டா, சிட்டா நகலும் அந்த நோட்டிலேயே இருக்கட்டும். விவசாய வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவத்திலேயே கேட்பார்கள்.

அப்பா எந்தத் தேதியில் காலமானார் என்று நீங்கள் எழுதவில்லை. 2025 ஏப்ரலுக்குப் பிறகு என்றால், அந்தத் தேதி வரை அவருக்கு வந்த ஓய்வூதியம், வட்டி, தோட்ட வருமானம் எல்லாம் அவருடைய கணக்கு. வரம்பைத் தாண்டியிருந்தாலோ, பிடித்த டி.டி.எஸ். திரும்பி வர வேண்டியிருந்தாலோ, அவர் பெயரில் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் சட்டப்படியான வாரிசு என்று இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அவருடைய பான் அட்டை தேவைப்படும், பதிவு ஏற்கப்படவும் சில நாள் ஆகும். ஜூலை கடைசியில் ஆரம்பித்தால் நடக்காது. இந்த ஒன்றை மட்டும் இன்றே தொடங்குங்கள்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும். அதனால் 75,000 கழிவு அவருக்கு இல்லை. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது புதிய முறையில் கழியும். அவர் அறுபது வயதைத் தாண்டியவர் என்றால் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டும்வரை டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். வரியே வராத நிலையில் பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். மனைவிக்கு ஊதிய நிலுவை மொத்தமாக வந்திருந்தால் அதற்கான வரிச்சலுகைக்குப் படிவம் 10இ-ஐக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே போட வேண்டும். முதலில் கணக்கு, பிறகு படிவம் என்று தலைகீழாகச் செய்தால் சலுகையை மறுத்துவிடுவார்கள்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்றிருந்தால் புரோக்கர் நிறுவனத்தின் தளத்திலிருந்து மூலதன ஆதாய அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆடிட்டரிடம் போவதா, நாமே செய்வதா? சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் நீங்களே செய்யலாம் என்பேன். இந்த முதல் ஆண்டு, தோட்டமும் அப்பா கணக்கும் சேர்ந்திருப்பதால், ஆளிடம் கொடுப்பது நல்லது. ஆனால் இணையதளத்தில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று பாருங்கள். ஆடிட்டர் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் வந்த சேதியே தெரியாமல் போகிறது. ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கொடுங்கள், மொத்தத்தையும் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கொடுக்காத நன்கொடையையும் கட்டாத பிரீமியத்தையும் எழுதித்தான் அவர்கள் அதை வாங்கித் தருகிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான். பொய்க் கழிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பான் எண்ணின் சொந்தக்காரர், எழுதிக் கொடுத்தவர் அல்ல.

தாக்கல் செய்த பிறகு முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற ஒரு வழியில் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா, ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கு இணையதளத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கிறதா என்பதை ஜூனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 'வரி ஆண்டு' என்ற கணக்கு வருகிறது. நீங்கள் இப்போது போடும் 2025-26 கணக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். யாராவது எல்லாம் மாறிவிட்டது என்று குழப்பினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான நீள நோட்டை மட்டும் இப்போதே தொடங்குங்கள். நவம்பரில் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது.